அன்பும் பட்சமும் காரணமாக

அன்புள்ள ஐயா,

அப்பம்மாவுக்கு அவருடைய தகப்பன் ஆங்கிலத்தில் முடித்துக் கொடுத்த நன்கொடை உறுதியைத் தமிழாக்குகிறேன். அதில் வரும் ‘கொன்சிடரேஷன்’ என்ற சொல்லுக்குக் கைபேசி ‘பரிசீலனை’ என்கிறது. அகராதி கவனம், தயவு, கைம்மாறு என்று அடுக்குகிறது. சரியான சொல் எது? காணி உறுதி எழுதும் நொத்தாரிசுமாரின் கொச்சைத் தமிழ் வேண்டாம்.

கனடாவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கைபேசியில் பிழையில்லை. கந்தோரில் விண்ணப்பம் தூசி பிடித்துக் கிடந்தால் அது பரிசீலனை. பஸ்ஸில் கிழவிக்கு இடம் விட்டால் தயவு. காணி விற்றால் விலைப்பணம், சட்டப் புத்தகத்தில் பிரதிபயன். சரி, மகளுக்குச் சும்மா கொடுத்த காணிக்கு என்ன பிரதிபயன்?

‘கொச்சை’ என்றீரே, அதில்தான் எனக்குக் கோபம். அம்மாவுக்கு அம்மப்பா கொடுத்த உறுதி என்னிடம் இருக்கிறது. இரண்டு பரப்பு, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால். ‘எனது மகள்மேல் எனக்குள்ள அன்பும் பட்சமும் காரணமாக’ என்று தொடங்கும். அந்தக் ‘காரணமாக’வைக் கவனியும். ஆங்கிலச் சட்டத்தில் வெறும் வாக்குக் காணாது, பதிலுக்கு ஏதாவது கைமாற வேண்டும். ஒல்லாந்தர் எங்களுக்கு விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் போதும். லத்தீனில் அதன் பெயர் ‘கௌசா’, காரணம் என்றே பொருள். இரண்டும் ஒன்றல்ல என்று 1918இல் இலங்கை வழக்கொன்றில், அப்போது எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகமே சொன்னது. உம்முடைய கொச்சைத் தமிழ் நொத்தாரிசு, ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டு எங்கள் சட்டத்தையே மொழிபெயர்த்திருக்கிறார். நீர் அவரைத் திருத்தப் போகிறீர்!

அம்மப்பா பிள்ளைகளை ஒருநாளும் கொஞ்சாதவர். நொத்தாரிசு வாசித்துக் காட்டியபோது, “அதென்ன அன்பும் பட்சமும், அதை வெட்டும்” என்றாராம். “வெட்டினால் ஏன் கொடுக்கிறீர் என்று இராதே” என்றாராம் அவர். எல்லா நன்கொடை உறுதியிலும் அவர் எழுதுகிற வரிதான். அம்மப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பேனையை வாங்கினாராம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நன்கொடையைப் பெறுபவர் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அது முற்றுப்பெறாது. எங்கள் உறுதியில் ஏற்றுக்கொண்டதாக அம்மாவின் கையெழுத்தும் இருக்கிறது, கொஞ்சம் மை ஊறி. உம்முடையதில் அப்பம்மா வைத்திருக்கிறாரா என்று பாரும். காணாவிட்டால் எனக்கு எழுதாதையும், நல்ல சட்டத்தரணி ஒருவரைப் பிடியும்.