'முதல் அச்சு' என்று சொன்னால் நம்பலாமா? மேடைப் பதிவு இசைத்தட்டுகள்: கேள்வி-பதில்

கேள்வி: திருவனந்தபுரத்தில் பழைய இசைத்தட்டு விற்கும் ஒரு சேட்டனிடம் அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவின் 'லைவ் ஆஃப்டர் டெத்' இரட்டை எல்.பி. இருக்கிறது. '1985 இங்கிலாந்து முதல் அச்சு, புதுசு மாதிரி' என்கிறார். முன்பணம் அனுப்பினால் எடுத்து வைப்பாராம். அனுப்பலாமா? நேரில் போனால் என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், களியக்காவிளை

பதில்: பணம் அனுப்பாதீர்கள். பஸ் ஏறிப் போய் வரும் தூரம்தான், போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கையில் ஒரு சின்ன டார்ச் இருக்கட்டும்.

அட்டையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தட்டை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பழைய அட்டைக்குள் பிற்கால மறு அச்சு இருப்பதும், இங்கிலாந்து அட்டைக்குள் வேறு நாட்டுத் தட்டு இருப்பதும் இந்தத் தொழிலில் சகஜம். கடைசிப் பாட்டின் பள்ளம் முடிந்து நடு லேபிள் தொடங்கும் வரை ஒரு வெற்று வளையம் இருக்கும். அதைத்தான் 'ரன்-அவுட்' என்கிறார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அதில் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் தெரியும். 1985-இல் இ.எம்.ஐ. இசை நிறுவனம் இங்கிலாந்தில் வெளியிட்ட அச்சின் பட்டியல் எண் 'ஆர்.ஐ.பி. 1'. அட்டை, லேபிள், ரன்-அவுட் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இரண்டு தட்டு என்பதால் நான்கு பக்கத்தையும் பாருங்கள். ஒரு தட்டு மட்டும் மாறியிருப்பதும் உண்டு. லேபிளில் 'பார்லஃபோன்' என்ற நிறுவனப் பெயர் இருந்தால் மேலே பேசவே வேண்டாம், அது 2013-க்குப் பிந்தைய அச்சு. நான்கு ரன்-அவுட்டையும் படம் எடுத்து, இசைத்தட்டு அச்சுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த அச்சுக்குரிய பக்கத்தோடு அங்கேயே நின்று ஒப்பிடுங்கள். விலையையும் அதே பக்கத்தில் பார்க்கலாம். விற்பவர்கள் கேட்கும் விலையை விடுங்கள், இதுவரை விற்ற விலைதான் கணக்கு.

அடுத்தது கேட்டுப் பார்ப்பது. மேடைப் பதிவில் ஒரு சிக்கல் உண்டு: கூட்டத்தின் ஆரவாரம் கீறல் சத்தத்தை விழுங்கிவிடும். கடைக்காரர் முதல் பக்கத்தைப் போட்டு 'ஏசஸ் ஹை' கேட்கவைத்தால் எந்தத் தட்டும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாம் பக்கத்தைப் போடச் சொல்லுங்கள். 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மாரினர்' நடுவில் இசை அடங்கி பாஸ் கிட்டார் மெல்ல ஒலிக்கும் இடம் வரும். பொரியும் சத்தம் இருந்தால் அங்கே மறைய வழியில்லை. அதே பக்கத்தின் முடிவில் 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' வருகிறது. உட்புறப் பள்ளங்களில் ஒலி அலைகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும், தேய்ந்த ஊசியால் ஓட்டிய தட்டில் குரல் முதலில் அங்கேதான் கரகரக்கும். அந்தத் தேய்மானத்தைக் கழுவிப் போக்க முடியாது.

தட்டு சுழலும்போது பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஊசிக்கை ஏறி இறங்கினால் தட்டு வளைந்திருக்கிறது.

இவ்வளவும் சரியென்றால் அட்டைக்கு வாருங்கள். ஓவியர் டெரெக் ரிக்ஸ் வரைந்த அந்த மடிப்பு அட்டைக்காகவே இதை வாங்குபவர்கள் பலர். அட்டையின் ஓர ஒட்டு கிழிந்திருக்கிறதா, உள்ளே வந்த படப் புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். புத்தகம் இல்லையென்றால் தயங்காமல் விலையைக் குறைத்துக் கேளுங்கள். 'புதுசு மாதிரி' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை, தரக்குறியீடு கேளுங்கள். 'நியர் மின்ட்' (கிட்டத்தட்டப் புதியது) விலையில் ஏறத்தாழ பாதிதான் 'விஜி பிளஸ்' (வெரி குட் பிளஸ்) தட்டுக்கு, கால்வாசிதான் 'விஜி'க்கு (வெரி குட்) என்பது சேகரிப்பாளர்களின் பொதுக் கணக்கு. தட்டுக்கு ஒரு தரம், அட்டைக்கு ஒரு தரம் எனத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற மெட்டல் குழுவின் 'அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்' வாங்க நினைக்கிறேன். ஜப்பான் அச்சுக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகுமா?
– வாசகர், பாறசாலை

பதில்: இந்த ஒரு தட்டுக்குத் தகும். 1979 பிப்ரவரியில் டோக்கியோவில் பதிவானது. ஜப்பானில் 'பிரீஸ்ட் இன் தி ஈஸ்ட்' என்ற பெயரில், நான்கு பாடல்கள் கொண்ட தனிச் சிறு தட்டும் சேர்த்து வெளியிட்டார்கள். அந்தச் சிறு தட்டு இல்லாமல் ஜப்பான் அச்சுக்கு முழு விலை கொடுக்காதீர்கள். அட்டையைச் சுற்றி வரும் 'ஓபி' என்ற காகிதப் பட்டைக்கும் தனி விலை உண்டு. அதனாலேயே வண்ண நகல் எடுத்துச் சுற்றி விற்பவர்களும் உண்டு. மடிப்புகள் பழையவையா, அச்சுப் புள்ளிகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று உருப்பெருக்கியில் பாருங்கள்.

கேள்வி: எனக்கு சி.டி. போதும். 'லைவ் ஆஃப்டர் டெத்' சி.டி.யில் எது முழுமையானது? கூடவே, '2007 பெங்களூர் மெய்டன் கச்சேரி, அசல் சி.டி.' என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: முதலில் வந்தது ஒற்றை சி.டி. எல்.பி.யின் நான்காம் பக்கமான லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் பதிவுகள் ஐந்தும் அதில் இல்லை. 1998 மறு வெளியீடு இரண்டு சி.டி., அதில் அவையும் உண்டு. கேட்பதற்கு இரட்டை சி.டி.யையே வாங்குங்கள்.

பெங்களூர் சி.டி.யைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் நீலமாகவோ பச்சையாகவோ தெரிந்தால் அது வீட்டுக் கணினியில் எழுதிய சி.டி. வெள்ளியாக இருந்தாலும் இசை நிறுவனத்தின் பெயரும் பட்டியல் எண்ணும் இல்லாவிட்டால் அனுமதியில்லாத பிரதிதான். இந்திய மேடையில் மெய்டன் வாசித்ததைக் கேட்க வேண்டுமென்றால் 2009-இல் வந்த 'ஃப்ளைட் 666' தொகுப்பை வாங்குங்கள். அதிலுள்ள 'ஏசஸ் ஹை' 2008 பிப்ரவரி 1 அன்று மும்பையில் பதிவானது.

கேள்வி: இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) முடிவதற்குள் என் எல்.பி.க்களில் வெள்ளைப் பூஞ்சை படிந்துவிடுகிறது. எப்படிச் சுத்தம் செய்வது?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மென்மையான தூரிகையால் முதலில் உலர்ந்த பூஞ்சையைத் தட்டிவிடுங்கள். பிறகு மூன்று பங்கு வாலைவடிநீரும் ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே துடைக்கக் கூடாது, லேபிள் நனையக் கூடாது. முடிந்ததும் வாலைவடிநீரால் மட்டும் ஒருமுறை கழுவி, நிறுத்திவைத்து உலர்த்துங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு பள்ளத்தில் தங்கி வேறு விதமாகப் பொரியும். தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டு இருந்தால் அதன் பக்கமே ஆல்கஹாலைக் கொண்டுபோகாதீர்கள். அது அரக்குக் கலவை, கரைந்துவிடும்.

பழைய காகித உள்ளுறையில் தட்டைத் திரும்ப வைத்தால் பூஞ்சையும் திரும்பும். புதிய பாலித்தீன் உள்ளுறையில் போட்டு, அசல் உறையை நிழலில் உலர்த்தித் தனியே வையுங்கள். வெயிலில் காயவைத்தால் அட்டையின் மை வெளுத்துவிடும்.

வெளியுறைக்கு மெத்தென்ற பி.வி.சி. வாங்காதீர்கள். சூட்டில் அதிலுள்ள இளக்கிப் பொருள் தட்டுக்குள் இறங்கி, பால் படிந்தது போல மங்கலாகிவிடும். எதைக் கொண்டு துடைத்தாலும் போகாது. தட்டுகளைச் செங்குத்தாக, வெளிச்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அலமாரியில் ஈரப்பதமானி ஒன்று வேண்டும். 50 விழுக்காட்டைத் தாண்டினால் சிலிக்கா ஜெல்லை வறுத்து உலர்த்தி மாற்றுங்கள்.

கேள்வி: கொல்லத்திலுள்ள கடையில் வாங்கிய இரட்டை எல்.பி. பஸ் பார்சலில் வந்தது. அட்டை கிழிந்து, ஒரு தட்டு வளைந்திருக்கிறது. கடைக்காரர் மறுக்கிறார். 'வழக்குப் போடுவதானால் கேரளாவில்தான் போடணும்' என்கிறார். உண்மையா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: உண்மையில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் படி, நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன், பணம் அனுப்பிய ரசீது, 'நல்ல நிலை' என்று அவர் எழுதிய செய்தி, பார்சல் சீட்டு, கிழிந்த அட்டை, பெட்டி எல்லாவற்றையும் படம் எடுங்கள். பெட்டியை எறியாதீர்கள். தட்டுகளை அட்டைக்கு வெளியே எடுத்து வைக்காமல் உள்ளேயே விட்டு அனுப்பியிருந்தால், குலுக்கலில் தட்டின் விளிம்பே அட்டையின் ஓர ஒட்டைக் கிழித்திருக்கும். அது கட்டியவரின் பிழை என்று அந்தப் படமே சொல்லும். வளைவுக்குக் காரணம் சூடு. எஞ்சின் பக்கத்தில் படுக்கையாக வைத்து மேலே பாரம் ஏற்றினால் வினைல் இளகிவிடும். ஆகவே பார்சல் எடுத்தவர்களையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். இல்லாவிட்டால் கடையும் பார்சல்காரரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு, 15 நாள் கெடு வைத்து, விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் 'இ-ஜாக்ருதி' தளம் வழியாக ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மறுவிற்பனைக்காக வாங்கியிருந்தால் சட்டம் உங்களை நுகர்வோராகக் கொள்ளாது. விற்றவர் கடைக்காரராக இல்லாமல் தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து ஒன்றை விற்ற தனி ஆளாக இருந்தாலும் இந்த வழி பெரும்பாலும் பயன்படாது. உங்களுடையது கடை என்பதால் ரசீதில் கடையின் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நோட்டீஸ் அனுப்பும் முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிவிடுங்கள்.