பரணில் கிடந்த பயனியர் எஸ்எக்ஸ்-780: எல்லாக் கண்டென்சர்களையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: பெரியப்பா 1980 வாக்கில் சவுதியிலிருந்து கொண்டுவந்த பயனியர் எஸ்எக்ஸ்-780 ஸ்டீரியோ ரிசீவர் பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்தது. போட்டுப் பார்த்தேன், விளக்குகள் எரிகின்றன, வலது பக்கம் பாடுகிறது, இடது பக்கம் ஒலி இல்லை. வால்யூமைத் திருகினால் கரகரவென்கிறது. எல்லாக் கண்டென்சர்களையும் மாற்றிவிட வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்:

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளில், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பாகமான கண்டென்சரைக் குற்றம் சொல்லும்படியாக எதுவும் இல்லை. நெடுங்காலம் ஓடாமல் கிடந்த ரிசீவரில் முதலில் கெடுவது தொடுபரப்புகள்தாம்; அதாவது சுவிட்சுகள், வால்யூம் கண்ட்ரோல், ஸ்பீக்கர் ரிலே (ஸ்பீக்கருக்கு ஒலியை இணைத்துவிடும் மின்காந்த சுவிட்ச்) ஆகியவற்றின் உள்ளே ஆக்சைடு படிந்து, மின்சாரம் போகும் வழி அடைபட்டுவிடும். அதைப் பார்க்காமல் போர்டு முழுவதும் சால்டரிங் அயனை வைத்தால், நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட பிரிண்ட் (போர்டின் மேலுள்ள செம்புத் தடங்கள்) ஆங்காங்கே பெயர்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு எது பழைய பழுது, எது புதிதாக வந்த பழுது என்று பிரித்தறிவது மிகவும் கடினம்.

மறுபடி பிளக்கில் செருகுவதற்கு முன்பு பின்பலகையைப் பாருங்கள். சவுதியில் அக்காலத்தில் 127 வோல்ட், 220 வோல்ட் என இரண்டு விநியோகமும் இருந்தன. ஆகவே அங்கிருந்து வந்த கருவிகள் பலவற்றில் வோல்டேஜ் செலக்டர் இருக்கும். உங்கள் கருவி எரியாமல் ஓடியதிலிருந்து அது 220இலோ 240இலோ நிற்கிறது என்று ஊகிக்கலாம். 240 என்ற நிலை இருந்தால் அதில் வைப்பதே நல்லது, ஏனென்றால் நம் வீடுகளில் இரவில் மின்னழுத்தம் 230ஐத் தாண்டிப் போவது சாதாரணம். அந்தக் கூடுதல் முழுவதும் உள்ளே வெப்பமாகத்தான் மாறும்.

மேல்மூடியைக் கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பெரிய ஃபில்டர் கண்டென்சர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அவற்றின் முனைகளுக்கிடையே 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஒரு நிமிடம் பிடித்து வடித்துவிட்டு, மல்டிமீட்டரில் சுழியைக் கண்ட பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்யும் பழக்கம் நம் கடைகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பரணில் கிடந்த செட்டில் கரப்பான் எச்சமும் குளவிக் கூடும் இருக்கும், எலி கடித்த வயரும் இருக்கலாம். பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டு, புளோயரால் ஊதி எடுங்கள். கண்டென்சர்களின் அடியில் பழுப்பாக இறுகிப்போன பசை தெரிகிறதா என்றும் பாருங்கள். அக்காலத்தில் பாகங்கள் ஆடாதிருக்க இட்ட அந்தப் பசை, வயதானபின் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குவதோடு அருகிலுள்ள கால்களையும் அரித்துவிடும். இருந்தால் மெல்லச் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

அடுத்து சீரிஸ் போர்டு. ரேடியோ மெக்கானிக்குகள் காலங்காலமாக வைத்திருக்கும் அதே பல்புப் பலகைதான். 100 வாட் குண்டு பல்பை வரிசையில் இணைத்து அதன் வழியாகக் கருவிக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரின் உள்ளே அலுமினியத் தகட்டின் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடுப் படலம், ஆண்டுக்கணக்கில் மின்னழுத்தம் படாவிட்டால் நலிந்துபோகும்; திடீரென்று முழு அழுத்தம் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் கூடி, கண்டென்சர் சூடாகிக் கெடும். குறைந்த அழுத்தத்தில் சற்று நேரம் நின்றால் படலம் மீண்டும் உருவாகும். நீங்கள் ஒருமுறை நேரடியாகவே போட்டுப் பார்த்துவிட்டீர்கள், கருவி தாங்கிக்கொண்டது என்றாலும், மூடியைத் திறந்து வேலை செய்யும் காலம் முழுவதும் இந்தப் பலகை இருப்பது பாதுகாப்பு. சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து, சில நொடிகளில் மங்கிவிட வேண்டும். மங்காமல் நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று பொருள், உடனே நிறுத்திவிடுங்கள். பல்பு வழியாகக் கொடுக்கும்போது அழுத்தம் குறைவதால் ஸ்பீக்கர் ரிலே பிடிக்காமல் போகலாம். அதைப் பழுது என்று எண்ண வேண்டியதில்லை.

இப்போது இடது பக்கத்துக்கு வருவோம். எஸ்எக்ஸ்-780இல் ஒலியைப் பெருக்கும் கடைசிக் கட்டம் தனித்தனி டிரான்சிஸ்டர்களால் ஆனது அன்று. பக்கத்துக்கு ஒன்றாக எஸ்டிகே-0050 என்னும் பவர் பேக் அதைச் செய்கிறது. பலரும் அஞ்சுவது இது போய்விட்டதோ என்றுதான், ஏனென்றால் அசல் எஸ்டிகே இன்று அரிது, சந்தையில் போலிகள் ஏராளம். ஆனால் உங்கள் கேள்வியிலேயே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஸ்விட்ச் போட்ட சில நொடிகளில் டிக் என்ற ஒலியோடு பிடிக்கும் ரிலே, பொதுவாக இரண்டு பக்கங்களுக்கும் ஒன்றே. ஏதேனும் ஒரு பக்கத்தின் வெளியீட்டில் டிசி (ஒலி அலையாக மாறாமல் நிலையாக நிற்கும் நேர்மின்னழுத்தம்) வந்துவிட்டால் காப்புச் சுற்று ரிலேயைப் பிடிக்கவே விடாது. வலது பக்கம் பாடுகிறது என்பதால் ரிலே பிடித்திருக்கிறது. ஆகவே இடது பக்க எஸ்டிகேயும் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன்பு இதை எண்ணிப் பாருங்கள்.

பழுது எங்கே என்பதைக் கருவியின் முகப்பே காட்டிக்கொடுக்கும். எஸ்எக்ஸ்-780இல் இடது, வலது பக்கங்களுக்கெனத் தனித்தனிப் பவர் மீட்டர் முட்கள் உண்டு. செல்போனிலிருந்து ஆக்ஸ் (வெளிக் கருவிகளை இணைக்கும் உள்ளீடு) வழியாக ஒரு பாட்டைக் கொடுத்து, முதலில் டேப் மானிட்டர் பொத்தான் அமுங்கியிருந்தால் அதை விடுவியுங்கள்; அது அமுங்கியிருப்பதாலேயே ஊமையாகிவிட்ட ரிசீவர்கள் எத்தனையோ. பேலன்ஸ் நடுவில் இருக்கட்டும். இடது ஸ்பீக்கர் மௌனமாக இருக்கும்போதே இடது முள் பாட்டோடு ஆடுகிறதென்றால், பவர் ஆம்ப் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பழுது அதற்கு அப்பால், ரிலேயிலோ ஸ்பீக்கர் ஏ/பி சுவிட்சிலோ இருக்கிறது. வால்யூமைச் சற்று உயர்த்தியதும் இடது பக்கம் சட்டென்று உயிர் பெற்றால், அது கருத்துப்போன ரிலே தொடுமுனையின் இலக்கணம். முள்ளும் ஆடவில்லை என்றால் பவர் ஆம்புக்கு முன்னால் தேட வேண்டும்: மோனோ பொத்தானை அமுக்கினால் இடது பக்கம் வருகிறதா, ஆக்ஸ் பின்களை இடம் மாற்றினால் பழுதும் பக்கம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் கோளாறு வயரில். மாறாவிட்டால் பெரும்பாலும் ஏதோ ஒரு சுவிட்சில்.

ரிலேயின் தொடுமுனை வெள்ளி பூசியது. உப்புத்தாளால் தேய்த்தால் பூச்சு போய்விடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டுத் துண்டை இடையில் வைத்து இழுத்தாலே கறை கழன்று வரும். குழி விழுந்த முனை என்றால் ரிலேயையே மாற்றுவதுதான் முறை. வால்யூம் கண்ட்ரோலுக்கு எலெக்ட்ரானிக் வேலைக்கென்று விற்கும் காண்டாக்ட் கிளீனர் வேண்டும், டபிள்யூடி-40 கூடாது. கால்கள் வெளியே வரும் இடத்தில் இருக்கும் சிறு திறப்பில் ஒரு சொட்டளவு அடித்து, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பலமுறை திருகுங்கள். பொத்தான்களையும் அவ்வாறே அமுக்கி அமுக்கி விட வேண்டும். கேங் கண்டென்சர் (ரேடியோ நிலையத்தைத் தேடும்போது சுழலும் தகட்டு அடுக்கு) பக்கம் அந்த ஸ்பிரே போகவே கூடாது. டியூனர் (ரேடியோப் பகுதி) போர்டிலுள்ள, அலைவரிசையைச் சரிசெய்யும் ஐஎஃப்டி காயில்களின் தலையைத் திருகுவதும் கூடாது. அளக்கும் கருவி இல்லாமல் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அரிது. டயல் கண்ணாடியின் உட்புறத்தில் ஆல்கஹால் பட்டால் அச்சிட்ட எண்கள் கழன்று வந்துவிடும். உலர்ந்த மெல்லிய துணியே அதற்குப் போதும்.

இவ்வளவும் ஆனபின் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, நேரடி மின்சாரத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் டிசி மில்லிவோல்ட்டை அளந்து பாருங்கள். 50க்குள் இருந்தால் நிம்மதி. 100ஐத் தாண்டினால் நல்ல ஸ்பீக்கரை இணைக்காதீர்கள். ஏன் என்று கண்டறிய வேண்டும்.

கண்டென்சரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உப்பியது, அடியில் கசிந்தது, பழுப்புப் பசை தின்றது ஆகியவை உடனே போக வேண்டியவை. பவர் சப்ளை போர்டில் சூடான ரெசிஸ்டர்களுக்கு அருகே நிற்கும் சிறு எலக்ட்ரோலிட்டிக்குகளையும் நான் மாற்றிவிடுவேன். வோல்டேஜ் அளவு குறையாமல், 105 டிகிரி தாங்கும் நல்ல பிராண்டு வாங்குங்கள். ஃபோனோவில் (ரெக்கார்டு பிளேயருக்கான உள்ளீட்டில்) மட்டும் மழை பெய்வது போன்ற இரைச்சல் வந்தால் அங்கே கண்டென்சரைவிட டிரான்சிஸ்டரைச் சந்தேகிக்க வேண்டும். 1970களின் பயனியர் கருவிகள் சிலவற்றில் இருந்த 2எஸ்ஏ726 இதற்குப் பேர்போனது, அதன் இடத்தில் கேஎஸ்ஏ992 நன்றாக அமையும். எஸ்டிகே இரண்டையும் மட்டும், அளவீடு கெட்டுப்போயிருக்கிறது என்று சொன்னாலொழிய யாரையும் தொட விடாதீர்கள்.

இடது முள் ஆடுகிறதா இல்லையா என்பதையும், இரு பக்க டிசி அளவுகளையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எந்தப் போர்டைத் திறக்க வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.