கார்டிஃப் துறைமுகம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மகன் படிக்கும் வேல்ஸ் தலைநகர் கார்டிஃபுக்குப் போய்வந்தேன். வளைகுடாவில் அமைதியான ஏரி, பக்கத்திலேயே வேல்ஸ் நாடாளுமன்றம், கலையரங்கு. பியூட் பிரபுவின் தொலைநோக்கில் பிறந்த நகரம் என்றார்கள். துறைமுகம்தான் கண்ணில் படவில்லை.

– ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

அந்த ஏரியில் 1999 வரை கடல் வந்துபோய்க்கொண்டிருந்தது. உலகிலேயே கடல்மட்டம் மிக அதிகமாக ஏறி இறங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. நீர் வற்றினால் கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும். அதனால் மதகு வைத்து நீரைத் தேக்கும் கப்பல்துறை தேவைப்பட்டது. 1839இல் திறந்த முதல் துறையை இரண்டாம் பியூட் பிரபு சொந்தப் பணத்தில் வெட்டினார். பெரிய துணிச்சல்தான்.

ஆனால் 1801இல் 2,000 பேர்கூட இல்லாத ஊர், நூறே ஆண்டில் 1,60,000 பேரைத் தாண்டியது நிலக்கரியால். வடக்கே பள்ளத்தாக்குகளில் கிடைத்த கரி புகை குறைவாகவும் சூடு அதிகமாகவும் தரும். நீராவிக் கப்பல்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். 1913இல் மட்டும் 1 கோடி டன்னுக்கு மேல் கார்டிஃபில் ஏற்றுமதியானது. பியூட் குடும்பத்தின் தொலைநோக்கு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. நெரிசலும் கட்டணமும் தாங்காமல் டேவிட் டேவிஸும் மற்றச் சுரங்க முதலாளிகளும் பக்கத்தில் பாரியில் தனித்துறை வெட்டி 1889இல் திறந்தார்கள். அப்புறம் ஏற்றுமதியில் பாரி கார்டிஃபை முந்திவிட்டது.

பிரபுவைப் புகழ்கிறவர்கள் மறந்துவிடும் இன்னொரு கூட்டம் உண்டு. அந்தக் கப்பல்களில் கரி அள்ளிப்போட்ட சோமாலியரும் ஏமனியரும் துறையை ஒட்டிய பியூட்டவுனில் குடியேறினார்கள். 1919இல் வேலையில்லாத் திண்டாட்டத்தின் நடுவே வெள்ளையர் கும்பல்கள் அவர்களைத் தாக்கின. மஹ்மூத் மத்தான் என்ற சோமாலிய மாலுமியைச் செய்யாத கொலைக்காக 1952இல் கார்டிஃப் சிறையில் தூக்கிலிட்டார்கள். தீர்ப்பு தவறென்று நீதிமன்றம் ரத்துசெய்தது 1998இல். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கரி ஏற்றுமதி 1964இல் நின்றது. அதே 1960களில் பியூட்டவுனின் பழைய தெருக்களையும் இடித்தார்கள். 1987இல் வளைகுடாவுக்காக அரசு அமைத்த வளர்ச்சிக் கழகம் அதன் வாயில் தடுப்பணை கட்டியதால் உங்கள் ஏரி வந்தது. நீர்ப்பறவைகள் இரைதேடிய சேற்றுநிலம் மூழ்கியது. துறைமுகம் சாகவில்லை. தடுப்பணைக்குக் கிழக்கே இன்றும் சரக்குக் கப்பல்கள் வருகின்றன. அடுத்தமுறை போனால் பியூட்டவுனில் இருக்கும் லவுடன் சதுக்கம்வரை நடந்து பாருங்கள். ஏரிக்கரையிலிருந்து சில நிமிட நடைதான். அங்கிருக்கும் இரண்டு அடுக்குமாடிகள் இடித்த வீடுகளின் இடத்தில் கட்டியவை.