தூளி, நடைவண்டி, கம்பு நிறைஞ்ச குண்டா: குழந்தை விளையாட்டுக் கேள்வி-பதில்

ரெண்டரை வயசுப் பையனுங்க. லைன் வீடு, ஓட இடமில்லை. நாள் முழுக்கக் கட்டில்ல ஏறிக் குதிக்கிறான், சுவத்துல போய் மோதறான். அடக்கறது எப்படிங்க? (திருப்பூர்)

அடக்க வேண்டாம், அவன் உடம்பு கேட்கிற வேலையைக் கொடுங்கள். கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பலம் போட வேண்டும் என்ற சேதியை மூளைக்கு அனுப்புவது தசையும் மூட்டும்தான். அந்தச் சேதி போதாத பிள்ளைகள் மோதியும் குதித்தும் அதைத் தேடிக்கொள்வார்கள். தள்ளுவது, இழுப்பது, சுமப்பது மூன்றிலும் அது தாராளமாகக் கிடைக்கும்.

உங்கள் ஊரில் பனியன் கட்டிங் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை. பழைய தலையணை உறையில் ஒரு கிலோ அடைத்து, வாயைத் தைத்துவிடுங்கள். முடிச்சு மட்டும் போட்டால் அவிழ்த்து, துண்டுத்துணியை வாயில் திணிப்பான். வாசலிலிருந்து அடுப்படிக்கு ஆறேழு நடை அந்த மூட்டையைச் சுமக்கட்டும். அடுத்து, துவைக்கிற துணி நிறைந்த கூடையைத் தள்ளட்டும். காலிக்கூடை சர்ரென்று முன்னால் ஓடும், அவன் குப்புற விழுவான். அதனால் பாரம் அவசியம். சாக்ஸ் போடாமல் வெறுங்காலோடு விடுங்கள்.

வீட்டில் பவானி ஜமுக்காளம் இருந்தால் இன்னும் நல்லது. அக்குளுக்குக் கீழே ஒரே ஒரு சுற்று சுருட்டுங்கள். தலையும் இரண்டு கைகளும் வெளியே இருக்க வேண்டும். அவனே உருண்டு பிரித்துக்கொண்டு வருவதுதான் ஆட்டம். "போதும்" என்றால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். சித்திரை வெயிலில் இந்த ஆட்டமே வேண்டாம், கெட்டித்துணி வேர்த்துக் கொட்டும்.

ஒம்பது மாசப் பாப்பாவுக்கு அப்பாரு வாக்கர் வாங்கிட்டு வந்துட்டாருங்க. உட்கார வைக்கலாமா? (கோபி)

வேண்டாம். வாக்கரில் குழந்தை தன் எடையைத் தானே தாங்குவதில்லை, நுனிவிரலால் உந்துகிறது. நடை சீக்கிரம் வராது, தள்ளிப்போகவும் கூடும். போதாததற்கு படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும். கனடாவில் 2004 முதல் இதன் விற்பனைக்கே தடை.

அப்பாரு மனசு நோகாமல் இருக்க, மர நடைவண்டியாக மாற்றி வாங்கித் தரச் சொல்லுங்கள். அதுவும் இப்போதே அல்ல. கட்டிலைப் பிடித்து எழுந்து, பக்கவாட்டில் அடி வைக்கத் தொடங்கட்டும். வண்டி லேசாக இருந்தால் குழந்தையை விட்டுவிட்டு ஓடும். கீழ்ச்சட்டத்தில் இரண்டு கிலோ அரிசிப்பையைக் கட்டினால் நிதானப்படும். வழுக்கும் டைல்ஸைவிட மண்வாசல் மேல். அதுவரை தரையில் விட்டுத் தவழ விடுங்கள்.

நாலு வயசுப் புள்ளை தூளியை முறுக்கி விட்டுச் சுத்தறா. தலையே சுத்தலைங்கறா. விடலாங்களா? (அந்தியூர்)

விடலாம், முறுக்குவது அவளாக இருந்தால். அண்ணன் பிடித்துச் சுற்றிவிடுவது கூடாது. எப்போது நிறுத்த வேண்டும் என்பது அவள் உடம்புக்குத்தான் தெரியும். முன்னும் பின்னும் மெல்ல ஆடுவது அமைதிப்படுத்தும், சுற்றல் உசுப்பிவிடும். ஆகவே தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம். ஏழெட்டுச் சுற்று, கொஞ்சம் ஓய்வு, பிறகு எதிர்ப்பக்கம். தலை சுற்றவில்லை என்று அவள் சொன்னாலும் முகத்தைப் பாருங்கள்: வெளுத்தாலோ வேர்த்தாலோ அன்றைக்குப் போதும். குமட்டல் சற்றுத் தாமதித்தும் வரும்.

தூளியின் அடி தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். கொக்கியை உங்கள் எடையைப் போட்டு இழுத்துச் சோதியுங்கள். ஆடி முடித்ததும் அவிழ்த்து வைத்துவிடுங்கள். தொங்கும் துணி கழுத்தில் சுற்றினால் உயிராபத்து.

மூணு வயசாச்சு, மணலைத் தொட மாட்டான், சோறு பிசைய மாட்டான். தேங்காய் நார்க்கழிவுல விளையாட விடட்டுங்களா? (பொள்ளாச்சி)

காய்ந்த நார்க்கழிவுத் தூசி கண்ணிலும் மூச்சிலும் போகும், அதிலிருந்து தொடங்காதீர்கள். கையைப் பிடித்து அழுத்தினால் பயம் இரட்டிப்பாகும். ஒரு குண்டாவில் இரண்டு கிலோ கம்பு. முதல் நாட்களில் கரண்டியால் அள்ளிக் கொட்டட்டும். பழகியதும் பொம்மையை உள்ளே புதைத்துத் தேடவிடுங்கள், விரல் தானாக இறங்கும். பக்கத்தில் துண்டு இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் துடைக்கலாம் என்று தெரிந்தால் துணிவு வரும். லேசான தொடுகையைவிட அழுத்தமான தொடுகையைத் தாங்குவது இவர்களுக்கு எளிது, அதனால் சப்பாத்தி மாவை உள்ளங்கையால் அமுக்கவும் கொடுங்கள். ஈர மணல் கடைசியில். புளியங்கொட்டை, கடலை வேண்டாம், மூக்கில் ஏற்றிக்கொள்வார்கள். கம்பு என்றாலும் பக்கத்திலேயே இருங்கள்.

நாலு வயசுல நொண்டி அடிக்கலைன்னா கோளாறுங்களா? (காங்கயம்)

ஒற்றைக்காலில் ஓரிரு தத்தல் நாலு வயதுவாக்கில் வரும். பாண்டிக்கட்டத்தில் தொடர்ந்து நொண்டி அடிப்பது ஐந்து, ஆறு வயதுச் சமாச்சாரம். எப்போதும் நுனிக்காலிலேயே நடந்தாலோ, முன்பு செய்ததை இப்போது செய்யவில்லை என்றாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.