ஸ்கேன் படிப்பு: மகளைச் சேர்க்கும் முன் கல்லூரியில் கேளுங்கள்

"பட்டன் அழுத்துகிற வேலைக்கு மூன்று வருஷப் படிப்பும் ஒரு வருஷப் பயிற்சியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. பக்கவாதம் வந்தவருக்கு மூளை ரத்த ஓட்டம் பார்க்கும் சி.டி. பெர்ஃப்யூஷனை எடுத்துக்கொள்வோம்.

வலது முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் அளவு கேனுலா (நரம்பில் பொருத்தும் ஊசிக்குழாய்) வேண்டும். புறங்கையில் போட்ட சின்ன ஊசி தாங்காது. ரத்த ஓட்டத்தைப் படத்தில் காட்டும் அயோடின் மருந்து 40 முதல் 50 மில்லி, நொடிக்கு 5 மில்லி வேகத்தில் பாய வேண்டும். முதலில் சலைன் விட்டு லைனைச் சோதிக்காவிட்டால், மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்து கை வீங்கிவிடலாம். மருந்தைத் தள்ள பின்னாலேயே சலைன் போகும். தலையின் அதே பகுதியை ஒரு நிமிடத்துக்குத் திரும்பத் திரும்பப் படமெடுப்பார்கள். மருந்து மூளைக்குள் ஏறி இறங்கும் வளைகோட்டை வைத்துத்தான் கணக்கு. தலை அசைந்தால் கணக்கு கெடும். இதயம் பலவீனமானவருக்கு மருந்து தாமதமாக வரும்; கோடு இறங்கும் முன்பே ஸ்கேன் நின்றால், அந்தக் கணக்கிலிருந்து வரும் வண்ணப்படம் பொய் சொல்லும்.

ரத்த ஓட்டம் இயல்பில் 30 சதவீதத்துக்குக் கீழே போன இடம் பெரும்பாலும் மீளாது. மருந்து வந்துசேர 6 நொடிக்கு மேல் தாமதமாகும் இடத்தில், இந்த மீளாத பகுதி போக மீதியைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. 6 மணி நேரம் கடந்து வந்தவருக்கு ரத்தக்கட்டியை எடுக்கலாமா என்பதை இந்த இரண்டு பகுதிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தும் முடிவு செய்கிறார்கள்.

பெண் பிள்ளைக்குக் கதிர்வீச்சு என்று பயப்படுகிறீர்கள். ஸ்கேன் ஓடும்போது அவள் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பாள், சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பார்கள். கர்ப்பமானால் உடனே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். உண்மையில் கவலைப்பட வேண்டியது நோயாளிக்காக. 2009-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மருத்துவமனையில் இதே ஸ்கேனில் 206 பேருக்கு எட்டு மடங்கு கதிர்வீச்சு போயிருந்தது தெரியவந்தது. சிலருக்கு முடி கொட்டியது. இயந்திரத்தின் அமைப்பு மாறியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. திரையில் டோஸ் (கதிர்வீச்சு அளவு) எண்ணைப் பார்க்காமல் பட்டனுக்குக் கை போகக் கூடாது என்பதை முதல் வருஷத்திலேயே பழக்க வேண்டும்.

+2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இருந்தால் பி.எஸ்சி. ரேடியாலஜிக்கு விண்ணப்பிக்கலாம். ஆரம்பச் சம்பளம் குறைவு, இரவு ஷிஃப்ட் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. கட்டடத்தைப் பார்த்துக் கட்டணம் கட்டாதீர்கள். பக்கவாத நோயாளிகள் இரவிலும் வருகிறார்களா, மாதத்துக்கு எத்தனை பெர்ஃப்யூஷன், பயிற்சி மாணவர்கள் மருந்தை வேகமாகச் செலுத்தும் பிரஷர் இன்ஜெக்டரைத் தாங்களே நிரப்புகிறார்களா? பதிலை அலுவலகத்தில் கேட்காதீர்கள். கடைசி வருஷப் பிள்ளை ஒருத்தியிடம் கேளுங்கள்.