டிவி நிகழ்ச்சியில் பேண்ட் நடத்துவதைப் பெரிய இசை வாழ்க்கை என்று சொல்ல முடியுமா?

தாராளமாகச் சொல்லலாம். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் பால் ஷாஃபர். 1982 பிப்ரவரியிலிருந்து 2015 மே வரை அமெரிக்க டிவி தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேனின் இரவுநேரப் பேட்டி நிகழ்ச்சிகளுக்கு பேண்ட் நடத்தியவர். மொட்டைத் தலையும் கண்ணாடியுமாகக் கீபோர்டுகளுக்கு நடுவே நிற்பாரே, அவர்தான்.

அந்த வேலை வெளியிலிருந்து பார்க்கச் சுலபமாகத் தெரியும். விருந்தினர் திரைக்குப் பின்னாலிருந்து நாற்காலிக்கு வந்து உட்காரச் சில நொடிகள்தான். அதற்குள் அவர் யாரென்று ஒரு பாட்டு சொல்லிவிட வேண்டும். ஷாஃபர் அந்தப் பாட்டுத் தேர்விலேயே குறும்பு செய்வார். விளம்பர இடைவேளையிலும் பேண்ட் வாசித்துக்கொண்டே இருக்கும். ஸ்டூடியோவில் இருப்பவர்களுக்கு அது முழுசாகக் கிடைக்கும், வீட்டில் பார்ப்பவர்களுக்குத் தலையும் வாலும் மட்டும். இதையே வாரத்தில் பல நாள், 33 வருடம்! தலைக்குள் எத்தனை பாட்டு இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நானும் கீபோர்டு வாசிப்பவன் என்பதால் எனக்கு இது பெரிய மலைப்பு.

இந்தத் திறமை அவருக்கு எங்கிருந்து வந்தது? கனடாவின் ஒன்டாரியோவில் இன்று தண்டர் பே என்று அழைக்கப்படும் ஊர்க்காரர். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தார். 1972இல் ‘காட்ஸ்பெல்’ மேடை நாடகத்தின் ஆடிஷனில் தெரிந்தவர்களுக்காகப் பியானோ வாசிக்கப் போன இடத்தில், அதன் இசையமைப்பாளர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் இவரையே இசையை நடத்தச் சொல்லிவிட்டார். அடுத்து 1975 முதல் 1980 வரை ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற டிவி காமெடி நிகழ்ச்சியின் பேண்ட். அங்கே காமெடி நடிகர் பில் முர்ரே சுமாரான ஹோட்டல் பாடகராக நடித்தபோது பியானோவில் துணை நின்றவர் இவர்தான். காமெடியனின் மூச்சைக் கவனித்து வாசிக்கும் பழக்கம் அங்கே கைவந்திருக்கும் என்று நினைக்கிறேன். லெட்டர்மேனோடு அது அப்படியே உதவியது.

லெட்டர்மேன் பேண்டில் 1982இல் ஹைரம் புல்லக் கிட்டார், வில் லீ பேஸ், ஸ்டீவ் ஜோர்டன் டிரம்ஸ், இவர் கீபோர்டு என நான்கே பேர். பிறகு ‘வேர்ல்ட்ஸ் மோஸ்ட் டேஞ்சரஸ் பேண்ட்’ என்று பெயர் நிலைத்தது. 1993இல் லெட்டர்மேன் என்பிசி சேனலிலிருந்து சிபிஎஸ் சேனலுக்கு மாறியபோது, பெயர் தங்களுக்கே சொந்தம் என்றது என்பிசி. அதனால் ‘சிபிஎஸ் ஆர்கெஸ்ட்ரா’ ஆனார்கள். வில் லீ கடைசி நாள் வரை கூடவே இருந்தார்.

இடையில் செய்தவை தனி. பாடகி டோனா சம்மர் பாட மறுத்த ‘இட்ஸ் ரெய்னிங் மென்’ பாட்டை பால் ஜபாராவோடு சேர்ந்து எழுதியவர் இவர். வெதர் கேர்ள்ஸ் என்ற பாடகிகள் ஜோடி பாடி அது உலகமெங்கும் ஒலித்தது. ‘திஸ் இஸ் ஸ்பைனல் டேப்’ என்ற காமெடிப் படத்தில் நடித்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் நிறைவு விழாவுக்கு இசை இயக்குநராக இருந்தார். ஒன்றில் நிற்காமல் சிதறிவிட்டார் என்று இதைப் பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்க 1986இல் தொடங்கிய ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாக்களில் பல ஆண்டுகள் இசைப் பொறுப்பு இவருடையதுதான். முடிவில் எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். மேடையில் இருப்பவர்களில் பலர் சொந்தக் குழுவுக்குத் தலைவர்கள், ஒத்திகையும் அதிகம் இருக்காது. எந்த ஸ்கேலில் தொடங்குவது, யார் எப்போது சோலோ எடுப்பது, எங்கே நிறுத்துவது என்று அத்தனை பேருக்கும் ஒருவர் சொல்ல வேண்டும், அவர்களும் கேட்க வேண்டும். எல்லா வகைப் பாட்டும் கைக்குள் இருந்தவர் என்பதால்தான் ஷாஃபர் சொன்னதை அவர்கள் கேட்டார்கள்.