அவர்களுடைய தண்ணீர்

அன்புள்ள ஐயா,

2024-இல் வந்த தொடரைப் பார்த்துவிட்டு, நீங்கள் அடிக்கடி சொல்லும் 1997-ஆம் ஆண்டு ‘ஃபால்அவுட்’ கேமை வாங்கி விளையாடினேன். அணுப்போருக்குப் பிறகு ‘வால்ட்’ என்ற நிலத்தடிப் புகலிடங்களில் பிழைத்திருக்கும் மனிதர்களின் கதை. முதல் குகையில் எலிகளிடமே மூன்று முறை செத்தேன். என் வால்டுக்குத் தண்ணீர் தரும் கருவியின் பாகமான வாட்டர் சிப்பைத் தேடிக் கொண்டுவர வைத்த 150 நாள் கெடு எரிச்சலாக இருந்ததால் ரசிகர்கள் செய்த ஒரு கோப்பைப் போட்டு அதை நீக்கிவிட்டேன். நெக்ரோபோலிஸ் என்ற பாழ்நகரத்தில் வாட்டர் சிப் கிடைத்ததும் நேராக என் வால்டான வால்ட் 13-க்குக் கிளம்பினேன். நெக்ரோபோலிஸில் தண்ணீர் பம்பைச் சரிசெய்யும் வேலை ஒன்று இருந்தது, அந்த அனுபவப் புள்ளிகள் எனக்குத் தேவைப்படாததால் விட்டுவிட்டேன். கடைசியில், எல்லோரையும் காப்பாற்றியவனை வால்டின் தலைவரான ஓவர்சீயர் உள்ளே விடாமல் துரத்துகிறார். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. இது அநியாயம் இல்லையா? இந்த மாதிரி கேம்களை இலக்கியம் என்று சொல்லலாமா?

க.

அன்புள்ள க.,

இலக்கியமா இல்லையா என்பதை விட்டுவிடுவோம், அந்த விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. எலிகளிடம் செத்ததற்கும் வருத்தப்படாதீர்கள், எல்லோரும் அங்கே செத்தவர்கள்தான். துரத்தப்பட்ட ஒருவனுக்காக இரண்டு நாள் தூங்காமல் இருந்திருக்கிறீர்கள் என்று படித்ததும் உங்கள்மேல் பிரியம் வந்தது. அப்புறம் அந்த பம்ப் பற்றிய வரிக்குத் திரும்பப் போனேன். கோபமும் வந்தது.

போன மாதம் அண்ணன் வந்திருந்தபோது நாங்கள் இருவரும் இதே பம்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். கேம் வெளிவந்து இரண்டு வருடம் கழித்து அதன் சிடி எங்கள் வீட்டுக்கு வந்தது. மவுஸ் அண்ணன் கையில், நான் பக்கத்தில் ஸ்டூலில். ஆங்கில வசனங்களை அவன் படித்துத் தமிழில் சொல்வான். சிப் கிடைக்கும் என்று நம்பி, முதல் தடவை கயிறு இல்லாமலே வால்ட் 15-க்குப் போய்விட்டோம். லிஃப்ட் இருந்த குழிக்குள் இறங்க வழியில்லை. வழியில் இருந்த ஷேடி சாண்ட்ஸ் கிராமத்துக்குத் திரும்பி நடந்தோம். மேப்பில் அந்தச் சின்னப் புள்ளி நகர நகர நாள்கள் கழிந்துகொண்டே இருந்தன. கயிற்றோடு மறுபடி வந்து அடிவரைக்கும் இறங்கினால், கட்டுப்பாட்டு அறை பாறை சரிந்து மூடிக்கிடக்கிறது. சிப் இல்லை. எனக்கு நிஜமாகவே தொண்டை வறண்டது.

அந்தக் கெடுவைத்தான் நீங்கள் எடுத்து எறிந்திருக்கிறீர்கள். அது இல்லாவிட்டால் வாட்டர் சிப் பையில் கிடக்கும் இன்னொரு சாமான், அவ்வளவுதான். ஹப் நகரத்துத் தண்ணீர் வியாபாரிகளுக்குக் காசு கொடுத்தால் வால்டுக்குத் தண்ணீர் அனுப்புவார்கள், இன்னும் 100 நாள் கிடைக்கும். ஆனால் வால்ட் இருக்கும் இடம் வெளியே தெரிந்துவிடும், மியூட்டன்ட்கள் என்ற உருமாறிய எதிரிகள் அங்கே வந்து சேரும் நாளும் நெருங்கிவிடும். கேமை உருவாக்கிய டிம் கெய்னும் அவருடைய குழுவும் தண்ணீருக்கு இப்படித்தான் விலை வைத்தார்கள். அந்த விலையை நீங்கள் கொடுக்கவே இல்லை.

சரி, நெக்ரோபோலிஸுக்கு வருகிறேன். 2077 அக்டோபர் 23 அன்று குண்டுகள் விழுந்தபோது பேக்கர்ஸ்ஃபீல்டில் வால்ட் 12-க்குள் ஓடியவர்கள் அந்த ஜனங்கள். வால்டின் கதவு சரியாக மூடவில்லை. கதிர்வீச்சில் தோல் உரிந்து, சாகவும் முடியாமல், கதை நடக்கும் 2161 வரை 84 வருடமாக அங்கேயே கிடக்கிறார்கள். கேம் அவர்களை ‘கூல்’ என்கிறது. செட் என்கிற தலைவனோடு ஒத்துப்போகாத கொஞ்சம் பேர் சாக்கடைக்குள் ஒதுங்கி வாழ்கிறார்கள். சிப்பை எடுத்துவிட்டால் எங்களுக்குத் தண்ணீர் இல்லை, பம்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டு எடுத்துக்கொள் என்பதுதான் அவர்கள் கேட்பது. அதற்கு வேண்டிய உதிரிப் பாகங்களும் அந்தச் சாக்கடையிலேயே கிடக்கின்றன. உங்களுடைய நேரத்தில் ஒரு கால் மணி போயிருக்கும்.

அண்ணனும் முதலில் உங்களைப் போலத்தான் சிப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினான். “அப்போ அவங்களுக்குத் தண்ணி?” என்று கேட்டேன். “நமக்குக் கிடைச்சாச்சுல்ல, பேசாம இரு” என்றான். ராத்திரி எழுந்து பார்த்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். முன்பு சேமித்து வைத்திருந்த இடத்திலிருந்து ஆட்டத்தை எடுத்து, மறுபடி சாக்கடைக்குள் இறங்கி, பம்பைச் சரிசெய்துகொண்டிருந்தான். ரிப்பேர் ஸ்கில் குறைவு என்பதால் திரும்பத் திரும்பத் தோற்றான். நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பம்ப் ஓடும்வரை இருவரும் பேசவில்லை.

நீங்கள் அதை அனுபவப் புள்ளியாகப் பார்த்திருக்கிறீர்கள். உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

ஓவர்சீயர் செய்தது அநியாயமா என்று கேட்கிறீர்கள். வெளியே போய் வந்த உங்களைப் பார்த்து மற்ற இளைஞர்களும் கிளம்பிவிடுவார்கள், வால்ட் காலியாகிவிடும் என்று அவர் பயப்படுகிறார். என் வால்ட் பிழைத்தால் போதும், வெளியே நிற்பவன் என்ன ஆனாலும் சரி என்கிறார். நெக்ரோபோலிஸிலிருந்து சிப்போடு கிளம்பியபோது நீங்களும் அதையேதான் நினைத்தீர்கள். அவர்மேல் இவ்வளவு கோபப்படும் நீங்கள் அந்தச் சாக்கடைக்காரர்களைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடுமையாகச் சொல்லிவிட்டேன். தூக்கம் கெட்டவர் என்பதால்தான் சொன்னேன். இன்னொரு முறை முதலிலிருந்து ஆரம்பியுங்கள், கெடுவில் கை வைக்காமல். ரிப்பேர் ஸ்கில்லுக்குக் கொஞ்சம் புள்ளிகள் போட்டு வையுங்கள். வால்ட் 15-க்குப் போகும்போது கயிறு எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.